சித்தப்பா மனையில் அப்பா கட்டிய வீடு: "அனுமதி ரத்து, காலி செய்" என்று வக்கீல் நோட்டீஸ்

வெண்ணாற்றங்கரை:
சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். கதை நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம். ரோட்டை ஒட்டி ஆறு சென்ட் மனை. 1991-இல் சித்தப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. அவருக்கு பிலாயில் வேலை. அப்பா அப்போது வாடகை வீட்டில் இருந்தார். 1997-இல் சித்தப்பாவே கடிதம் போட்டு, மனை சும்மாதான் கிடக்கிறது, அங்கே வீடு கட்டிக்கொள் என்றார். மறு வருஷம் பி.எஃப். பணம், அம்மா நகை எல்லாவற்றையும் போட்டு அப்பா இரண்டு அறை, கூடம், சமையற்கட்டு என்று கான்கிரீட் தளம் போட்ட வீடாகவே கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குச் சித்தப்பா குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். வீட்டு வரியும் கரண்ட்டும் அப்பா பெயரில். பட்டா சித்தப்பா பெயரிலேயே இருக்கிறது. வாடகை கொடுத்ததும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை.

போன வருஷம் சித்தப்பா தவறிவிட்டார். இப்போது அவர் மகனிடமிருந்து நோட்டீஸ். "எமது கட்சிக்காரரின் தகப்பனார் தங்களுக்கு அளித்திருந்த வெறும் அனுமதி இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது, 15 தினங்களுக்குள் காலி சுவாதீனம் ஒப்படைக்க வேண்டியது" என்று. அப்பாவுக்கு 71 வயது. "என் தம்பி எனக்குக் கொடுத்த இடம், இவன் யார் கேட்க" என்று கத்துகிறார். உண்மையில் எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?

விடாக்கண்டன்:
இதில் யோசிக்க என்ன இருக்கு? 12 வருஷம் தாண்டினாலே அனுபவ பாத்தியம் வந்துடும். உங்களுக்கு 27 வருஷம் ஆச்சு. வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாம் கையில. "இடம் எங்களுது, முடிஞ்சா கேஸ் போட்டுப் பாரு"ன்னு பதில் நோட்டீஸ் விடுங்க. பயந்தா ஏறி மிதிப்பானுங்க.

கருப்புக்கோட்டு:
விடாக்கண்டன் சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இருக்கிற ஒரே நல்ல சீட்டையும் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

அவர் சொல்லும் அனுபவ பாத்தியத்தைச் சட்டத்தில் எதிரிடை அனுபவம் என்பார்கள். அப்படியென்றால் உரிமையாளருக்கு விரோதமாக, அவர் அறிய, "இது என் இடம்" என்று 12 வருஷம் வைத்திருப்பது. உங்கள் அப்பா தம்பி சொல்லித்தான் உள்ளே போனார். அனுமதியின் பேரில் இருப்பவர் 27 இல்லை, 50 வருஷம் இருந்தாலும் அது எதிரிடை ஆகாது. வீட்டு வரி ரசீது குடியிருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். அது பத்திரம் ஆகிவிடாது.

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். அந்த 1997 கடிதம் இன்னும் இருக்கிறதா? அதில் இருக்கிற வாசகம் என்ன? சித்தப்பாவுக்கு வேறு வாரிசுகள் யார் யார்?

ஜாம்பஜார்வாசி:
நான் வக்கீல் இல்ல, வியாபாரி. எங்க ஏரியா பேரு வர்ற தீர்ப்பு ஒண்ணு இருக்கு, அதனால இந்த லீஸ் - லைசென்ஸ், அதாவது வாடகையா வெறும் அனுமதியாங்கற தகராறு கொஞ்சம் தெரியும். மெட்ராஸ் ஜாம்பஜார் மார்க்கெட்ல கடை போட்டிருந்தவங்க வாடகைதாரரா, வெறும் லைசென்ஸா என்பது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கிளப்வாலா கேஸ். மார்க்கெட் ஓனர் கையிலதான் மொத்த இடத்தோட கட்டுப்பாடு, கடைக்காரருக்கு அந்த ஸ்டாலைப் பயன்படுத்திக்கிற உரிமை மட்டும்தான், அதனால லைசென்ஸ்னு சொல்லிட்டாங்க. காகிதத்துல "வாடகை"ன்னு போட்டிருக்கா இல்லையாங்கறதை விட, தனிச் சுவாதீனம் யார்கிட்டன்னுதான் கோர்ட் பாக்கும். உங்க கேஸ்ல வாடகையும் இல்ல, வாடகைக்கு விடற எண்ணமும் இல்ல. வாடகைச் சட்டம் உதவிக்கு வராதுன்னுதான் எனக்குப் படுது.

வெண்ணாற்றங்கரை:
கருப்புக்கோட்டு சார், கடிதம் இருக்கிறது. அம்மா பழைய தகர டப்பாவில் வைத்திருந்தார். நீல இன்லண்ட், மடிப்பில் ஓர் இடம் கிழிந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட பகுதி அப்படியே:

"மனை சும்மாதான் கிடக்கு. மாசா மாசம் வாடகைக்குக் கொட்டி அழுவானேன். அங்கேயே வீட்டைக் கட்டிக்கிட்டு இரு. ஓட்டு வீடோ தளம் போட்டதோ உன் சௌகரியம். நான் வந்து அங்கே என்ன பண்ணப் போறேன். பின்னாடி புள்ளைங்க பெரிசானா அப்ப பாத்துக்கலாம்."

வாரிசுகள்: சித்தி, ஒரு மகன், ஒரு மகள். நோட்டீஸ் மகன் பெயரில் மட்டும் வந்திருக்கிறது. அந்த மகள், எனக்குத் தங்கை முறை, எங்களோடு இன்றைக்கும் நன்றாகத்தான் பேசுகிறாள்.

கருப்புக்கோட்டு:
நல்ல கடிதம். கடைசி வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல கடிதம். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் விவகாரத்தை ஆளுவது 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைகளைப் பற்றியது. அது தொடக்கத்திலேயே சென்னை ராஜதானிக்கு வந்த சட்டம். அதன் 52-ஆவது பிரிவுப்படி, அடுத்தவர் இடத்தில் அனுமதி இல்லாமல் செய்தால் அத்துமீறல் ஆகக்கூடிய ஒன்றைச் செய்துகொள்ள உரிமையாளர் தருவதுதான் லைசென்ஸ். அதனால் நிலத்தில் எந்தப் பாத்தியமும் வராது. பொதுவாக, கொடுத்தவர் நினைத்தால் ரத்து செய்யலாம். நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் இதுவரைக்கும்தான் படித்திருக்கிறார், அல்லது இதுவரைக்கும்தான் சொல்ல விரும்பியிருக்கிறார்.

60-ஆவது பிரிவு இரண்டு விதிவிலக்குகளைச் சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது: அனுமதி பெற்றவர், அந்த அனுமதியை நம்பி, நிரந்தரமான வேலை ஒன்றைத் தன் செலவில் செய்து முடித்திருந்தால், கொடுத்தவர் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. மூன்றும் சேர வேண்டும். வேலை நிரந்தரமானதாக இருக்க வேண்டும். கீற்றுக் கொட்டகை போதாது. அது அனுமதியின் பேரில் நடந்திருக்க வேண்டும். செலவு அவருடையதாக இருக்க வேண்டும். நிரூபிக்கிற பொறுப்பும் அவருடையதே.

இதில் எல்லோரும் முதலில் எடுக்கும் தீர்ப்பு ராம் சரூப் குப்தா எதிர் பிஷுன் நாராயண் இன்டர் காலேஜ், உச்ச நீதிமன்றம், 1987. லக்னோவில் ஒருவர் தன் கட்டடத்தையும் நிலத்தையும் பள்ளிக்கூடம் நடத்த விட்டார். பள்ளி நிர்வாகம் கூடுதல் கட்டடங்கள் கட்டிக்கொண்டது. பின்னால் அந்தச் சொத்தை விலைக்கு வாங்கியவர் வந்து, காலி செய் என்றார். முடியாது என்றது நீதிமன்றம். எந்த நோக்கத்துக்காக அனுமதி கொடுத்தாரோ அதே நோக்கத்துக்காகத் தன் கண் முன்னால் கட்டவிட்டு, பிறகு திரும்பி நின்று ரத்து என்று சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். காசு கொடுத்து வாங்கியவருக்கே அந்தக் கதி. உங்கள் சித்தப்பா மகன் வாரிசாகத்தான் வந்திருக்கிறார், தகப்பன் செய்ததற்குக் கட்டுப்பட்டவர்.

இப்போது 15 நாள். ஈஸ்மெண்ட் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அது மாத வாடகைதாரருக்குச் சொத்து மாற்றுச் சட்டம் 106-இன்படி கொடுக்கிற கெடு. பழைய நோட்டீஸ் மாதிரி ஒன்றில் பெயரை மாற்றி அடித்திருக்கிறார்கள் போல. லைசென்ஸ் ரத்தானால்கூட, வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் "நியாயமான அவகாசம்" என்றுதான் 63-ஆவது பிரிவு சொல்கிறது.

மனைக்காரன்:
எல்லாரும் குடியிருக்கறவங்க பக்கமே பேசறீங்க. இடத்தைக் கொடுத்தவன் கதையையும் கேளுங்க. பொள்ளாச்சிப் பக்கம் எங்க தோப்புல மேஸ்திரி ஒருத்தருக்கு எங்கப்பா சாளை (குடிசை) ஒண்ணு கொடுத்து இருக்கச் சொன்னாரு. பாவம், குடும்பஸ்தன்னு. அவரு மகன் காலத்துல கக்கூஸ் கட்டினான், அப்புறம் கான்கிரீட் ரூம் ஒண்ணு எழும்பிருச்சு. இப்ப "நான் செலவு பண்ணிருக்கேன், போகமாட்டேன்"ங்கறான். இந்த 60-ஆம் பிரிவுதான் அவனுக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்த மந்திரம். இப்படியே போனா இனி எவனாவது எவனையாவது இடத்துல உட்காரவிடுவானா? இரக்கப்பட்டவன் தலையில மொளகா அரைக்கறதா?

கருப்புக்கோட்டு:
மனைக்காரன் சார், உங்கள் வழக்கு வேறு. நீங்கள் ஜெயிக்கிற பக்கத்தில் இருக்கிறீர்கள். 2012-இல் கோவாவிலிருந்து வந்த மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: காவலாளி, வேலைக்காரர், பராமரிப்பாளர், இலவசமாகத் தங்கவிட்ட உறவினர், இவர்கள் எத்தனை வருஷம் இருந்தாலும் சொத்தில் பாத்தியம் வராது, அவர்கள் சுவாதீனம் உரிமையாளர் சார்பான சுவாதீனம்தான். அதே வருஷம் தமிழ்நாட்டுச் சத்திரச் சொத்து ஒன்றில் காவலாளியின் மகன் கேட்டதையும் இதே வழியில் தள்ளிவிட்டார்கள். வேலையோடு ஒட்டிய அனுமதி அந்த வேலை போனதும் தானாகவே போய்விடும், 62-ஆவது பிரிவு.

உங்கள் அப்பா "இருந்துக்கோ" என்றார். "கட்டிக்கோ" என்று சொல்லவில்லை. சாளையில் இருக்கச் சொன்ன அனுமதியை வைத்துக் கான்கிரீட் போட்டால், அது அனுமதியின் பேரில் செய்த வேலை ஆகாது. வெண்ணாற்றங்கரை விஷயத்தில் "கட்டிக்கிட்டு இரு" என்று எழுத்தில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்த ஒரு சொல்தான். கான்கிரீட் அறை எழும்பும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். ஆட்சேபித்து ஒரு கடிதமாவது போட்டிருக்கிறீர்களா?

மனைக்காரன்:
வாய்ல சத்தம் போட்டோம். எழுத்துல எதுவும் இல்ல. இனிமேதான் போடணும்.

விடாக்கண்டன்:
சரி சார், அட்வர்ஸ், அதான் எதிரிடை அனுபவம், வேண்டாம். ஆனா தம்பி அண்ணனுக்கு வாய்மொழியா தானமா கொடுத்துட்டாருன்னு சொல்லலாமே? அப்பாவும் அதைத்தானே சொல்றாரு, "கொடுத்த இடம்"னு.

கருப்புக்கோட்டு:
சொல்லலாம், நிற்காது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரம் வேண்டும், சொத்து மாற்றுச் சட்டம் 123. இஸ்லாமியர்களின் ஹிபா என்ற தானத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவில் கட்டட மதிப்பைக் கேட்கலாமே என்று அடுத்து யாராவது வருவீர்கள்: அது, தானே முழு உரிமையாளர் என்று நல்லெண்ணத்தில் நம்பிக் கட்டியவருக்கு. இடம் தம்பியுடையது என்று தெரிந்தே கட்டியவருக்குக் கிடைக்காது. ஈஸ்மெண்ட் சட்டத்தின் 64-ஆவது பிரிவு நஷ்டஈடும் காசு கொடுத்துப் பெற்ற அனுமதிக்குத்தான்.

வெண்ணாற்றங்கரை, இந்த இழையில் ஒன்றே ஒன்றை மனதில் வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். அப்பா பதில் நோட்டீஸில் "இடம் என்னுடையது" என்று எழுதினால் அனுமதியையே மறுத்தவர் ஆகிறார். அனுமதியை மறுத்தவர், "ரத்து செய்ய முடியாத அனுமதி" என்ற வாதத்தைப் பிறகு எப்படி எடுப்பார்? ஒரே வாயால் இரண்டும் சொன்னால் நீதிபதி இரண்டையும் நம்ப மாட்டார். "இடம் என் தம்பியுடையது, அவன் சொல்லி, அவன் பார்க்க, என் பணத்தில் கட்டினேன்" என்பதுதான் பலமான நிலை. அப்பாவுக்கு இது தோற்றுப்போன மாதிரி இருக்கும். ஆனால் சட்டப்படி நிற்பது இந்த ஒரு காலில்தான்.

சுன்னாகத்தான்:
யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் சட்டம் வேற, ரோமன் டச்சுச் சட்டம் கலந்தது. உங்களுக்கு 12 வருசம் எண்டா எங்களுக்குப் பத்து வருச ஆட்சி. ஆனா அனுமதியோட வந்து இருக்கிறவருக்கு ஆட்சியுரிமை வராது எண்டது இஞ்சயும் அதேதான். வித்தியாசம் என்னெண்டா, காணிக்காரற்ற சம்மதத்தோட வீடு கட்டினவருக்கு அந்தத் திருத்த வேலைக்கு நட்டஈடு கேட்கலாம். அதைக் கட்டுமட்டும் காணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற உரிமையும் கோரலாம். வெளிநாட்டில இருக்கிற ஆக்களின்ர காணிகளில இனசனம் இருந்து வந்த வழக்குகள் இஞ்ச கனக்க. உங்கட 60-ஆம் பிரிவில அந்த நட்டஈட்டு வழி இல்லாதது எனக்கு ஒரு குறையாத்தான் படுது. ஒண்டில் முழுக்க இரு, இல்லாட்டி முழுக்கப் போ எண்டு நிக்குது.

கருப்புக்கோட்டு:
நியாயமான குறைதான். இங்கிலாந்திலும் நிவாரணத்தை நீதிமன்றம் வழக்குக்கு ஏற்ப வெட்டித் தைக்கும். பணமும் தரலாம், இருக்கிற உரிமையும் தரலாம்.

இன்வர்ட்ஸ் எதிர் பேக்கர் என்று 1965-இல் முடிந்த ஒரு வழக்கு உண்டு. மகன் வீடு கட்ட மனை தேடினான். என் நிலத்திலேயே, கொஞ்சம் பெரிதாகவே கட்டு என்றார் தகப்பன். மகன் 1931-இல் கட்டினான். தகப்பன் 1951-இல் இறந்தார். அவருடைய பழைய உயில் 1922-இல் எழுதியது, அதில் நிலம் வேறு ஆட்களுக்குப் போயிருந்தது. அவர்கள் தரப்பு பிறகு மகனைக் காலி செய்யச் சொன்னது. மகன் விரும்புகிற காலம்வரை இருக்கலாம் என்று டென்னிங் பிரபு தீர்ப்பளித்தார். நிலத்தை அவனுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். இருக்கிற உரிமை மட்டும்.

நம் 60-உம் அப்படித்தான். ஜெயித்தாலும் பட்டா அப்பா பெயருக்கு வராது. விற்க முடியாது, பாங்கில் அடமானம் வைக்க முடியாது. அப்பா காலத்துக்குப் பிறகு உங்களுக்கு அது தொடருமா என்பதே தனி வழக்காகும்.

வெண்ணாற்றங்கரை:
அந்தக் கடைசி வரி, "புள்ளைங்க பெரிசானா அப்ப பாத்துக்கலாம்", அதைப் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே சார்.

கருப்புக்கோட்டு:
ஆமாம், மொத்த வழக்கும் கடைசியில் அந்த வரியில் வந்து நிற்கும்.

60-ஆவது பிரிவு, தரப்பினர் தங்களுக்குள் வேறு மாதிரிப் பேசிக்கொள்வதைத் தடுக்கவில்லை. கட்டிக்கொள், ஆனால் கேட்கும்போது கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்தால் அதுதான் செல்லும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் பெரியவர்கள் ஆகும்வரைதான் அனுமதி, ஆகிவிட்டார்கள், காலம் முடிந்தது என்பார்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடியது: அது நிபந்தனை இல்லை, அண்ணன் தம்பிக்குள் எதிர்காலத்தை ஒத்திவைக்கிற பேச்சு. காலக்கெடு இல்லை, திருப்பிக் கொடு என்ற சொல் இல்லை. "நான் வந்து அங்கே என்ன பண்ணப் போறேன்" என்று அதற்கு முந்தின வரி இருக்கிறது. தளம் போட்டதென்றாலும் சரி என்று எழுதியவர், பத்து வருஷத்தில் இடித்துக் கொடு என்ற எண்ணத்தில் எழுதியிருக்க முடியுமா? அதன் பிறகு உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் கேட்கவில்லை. பிள்ளைகள் கல்யாணம் ஆகியும் கேட்கவில்லை. இந்த நடத்தைதான் அந்த வரிக்கு உரை. நான் நீதிபதியாக இருந்தால் உங்கள் பக்கம் சாய்வேன். ஆனால் வக்கீல் தொழிலில் இதை 60-க்கு 40 என்றுதான் கட்சிக்காரரிடம் சொல்வேன்.

கடிதத்தைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். 30 வருஷம் ஆன ஆவணத்துக்குக் கிடைக்கும் அனுமானம் இதற்கு இன்னும் வரவில்லை. எழுதியவர் இறந்துவிட்டார், ஆனால் இறந்தவர் தன் சொத்து நலனுக்கு விரோதமாகச் சொன்னது சாட்சியமாகச் செல்லும். கையெழுத்து தெரிந்தவர் ஒருவர் கூண்டில் ஏற வேண்டும். அந்தத் தங்கை சொல்வாளா என்று பாருங்கள், வற்புறுத்தாதீர்கள். கிரகப்பிரவேசப் போட்டோ, செங்கல் சிமெண்ட் பில், பி.எஃப். எடுத்த கணக்கு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், இதை ஏன் சொல்கிறேன் என்றால் போன மாதம்தான் ஒருவர் மூலப்பத்திரத்தையே பளபளவென்று லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இன்னும் ஒன்று. நோட்டீஸ் வந்த பிறகு மேலே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. ரத்துக்குப் பிறகு போட்ட காசு அனுமதியை நம்பிப் போட்ட காசு ஆகாது.

ஜாம்பஜார்வாசி:
பூட்டை உடைச்சு சாமானைத் தூக்கி வெளிய போட்டுட்டா?

கருப்புக்கோட்டு:
முடியாது. லைசென்ஸ் முடிந்தவரைக்கூடச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1989-லேயே கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அப்படி யாராவது செய்தால், குறித்த நிவாரணச் சட்டம் 6-இன்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்ப வாங்கலாம். அந்த வழக்கில் யாருக்குப் பத்திரம் என்ற கேள்வியே எழாது. ஸ்டேஷனுக்குப் போனால் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிடுவார்கள், ஆனாலும் மனு கொடுத்து ரசீது வாங்கி வைப்பது நல்லது.

மற்ற வாரிசுகள் சேரவில்லையே என்று பதில் நோட்டீஸில் பெரிதாக எழுதவும் வேண்டாம். கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவரே எல்லோர் சார்பிலும் சுவாதீன வழக்குப் போடலாம். சமாதானம் பேசும்போதுதான் அவர்கள் முக்கியம். மூன்று கையெழுத்தும் இல்லாமல் முழு மனைக்கும் கிரயம் செல்லாது.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் நன்றி. தஞ்சாவூரில் ஒரு வக்கீலைப் பார்த்துப் பதில் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. "இடம் என் தம்பியுடையதுதான்" என்ற வரியில் அப்பா மூன்று நாள் கையெழுத்துப் போட மறுத்தார். கடைசியில் அம்மாதான், "ஆமாம், அவன் இடம்தானே, அவன் சொல்லித்தானே கட்டினோம், அதைச் சொல்ல என்ன வெட்கம்" என்று சத்தம் போட்டதும் போட்டார். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரமே தங்கை போன் செய்தாள். சித்திக்குக் கோர்ட் ஏற இஷ்டமில்லையாம். மனைக்கு மட்டும் வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த விலை) போட்டு எங்களுக்கே கிரயம் கொடுக்கத் தயார் என்கிறார்கள். அவள் அண்ணன் மார்க்கெட் விலை கேட்கிறானாம். மதிப்பு எப்படிப் பார்த்தாலும் பத்து லட்சத்துக்குள்தான் வரும். ஒத்துக்கொள்ளலாமா, கேஸுக்குப் போகட்டும் என்று விடலாமா?

மனைக்காரன்:
நான் எதிர்ப்பக்கத்து ஆளுங்க, இருந்தாலும் சொல்றேன். வாங்கிப்போடுங்க. கேஸ்ல ஜெயிச்சா இருக்கத்தான் முடியும், கிரயம் வாங்கினா அது உங்க இடம். மார்க்கெட் விலைன்னு அவன் கேட்டா, அடியில இருக்கற மனையை உங்க வீட்டோட சேத்து வேற எவன் வாங்குவான், 27 வருஷத்து ஆளை யாரு கிளப்புவான்னு கேளுங்க. தானா இறங்கி வருவான்.

கருப்புக்கோட்டு:
அதேதான். 60-ஆவது பிரிவின் பெரிய பலனே பேரம் பேசும்போது கிடைப்பதுதான். மூன்று வாரிசும் சேர்ந்து கையெழுத்துப் போடும் கிரயமாக இருக்கட்டும், வாரிசுச் சான்றும் வேண்டும். வில்லங்கச் சான்று 1991 முதல் போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் கட்டடம் ஏற்கெனவே வாங்குபவர் தரப்பு செலவில் கட்டியது என்ற விவரமும் வரட்டும். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று நூற்றுக்கு 9 ஆகும். பத்து லட்சத்துக்குள் என்றால் அம்மா பெயரில் வாங்குங்கள். பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கட்டடத்தையும் சேர்த்து மதிப்புப் போட்டால் அந்த வரம்பு தாண்டுமா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.